ஐம்பத்து நாலரை

மேலே ஐம்பத்தைந்து.
நடுவில் ஐம்பத்து நாலரை.
மண்டியிட்டுத் தரையோரம் அளந்தால்
ஐம்பத்து நான்கு, அதுவும் முழுசாக இல்லை.

அபர்தீனில் இந்தக் கருங்கல் வீட்டுக்கு
நேர்கோடு என்றால் என்னவென்றே தெரியாது.
நாடாமேல் பழி போட்டு
மாடிவீட்டு டக்கியிடம் வேறொன்று வாங்கிவந்தேன்.
அதுவும் அதையே சொன்னது,
அங்குலத்தில்.

வடகடலில் மிதக்கும் எண்ணெய் மேடையில்
தொண்ணூறு பேருக்குச் சமைக்கிறவன் நான்.
அங்கே அடுப்பைத் தரையோடு முடுக்கியிருப்பார்கள்.
அலை எழும்பும் இரவில்
சூப்பைக் கடலே கிண்டிவிடும்,
சட்டி மட்டும் நகராது.
மூன்று வாரம் கடல், மூன்று வாரம் கரை.
அந்தக் கணக்கு
கர்ஸ்டிக்குப் பதினோரு வருஷம்தான் ஒத்துவந்தது.

இப்போது எனக்கென்று ஒரு சமையலறை.
இடப்பக்கம் நெட்டை மர அலமாரி,
வலப்பக்கம் ஜன்னல்,
நடுவே, முன்னால் குடியிருந்தவரின் செத்த அடுப்பைத் தூக்கி எறிந்த பள்ளம்.
பல் விழுந்த ஈறு மாதிரி.
உள்ளே ஒரு பட்டாணி, இரண்டு தீக்குச்சி,
யாருடையதோ ஒரு காதணி.

கடையில் ஒன்றைப் பார்த்துவிட்டேன்.
அறுபது சென்டிமீட்டர், இரட்டை ஓவன்,
நடுவில் சூரியகாந்திபோல் ஒரு பெரிய பர்னர்.
கைப்பிடியைத் தொட்டேன். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது.
மேசைப்பலகையை அறுத்தால் நுழையாதா?
வீட்டுக்கு வந்து ரம்பத்தைத் தேடினேன்,
கிடைக்காதது நல்லதாயிற்று.

கேஸ் வேலைக்கு வந்த ரோனா கெட்ஸ்
ரம்பம் பற்றிக் கேட்டதும் சிரிக்கவில்லை.
அலமாரியின் மரத்தைத் தட்டினாள்.
"இதன்மேல் தீ நாக்கை நீட்டும்."
ஜன்னல் பக்கம் திரும்பினாள்.
"இந்தத் திரைச்சீலை யாருடைய யோசனை?"

என் மகளுடையது.
நீலத்துணியில் வெள்ளைத் திமிங்கிலங்கள்.
எய்லிக்கு ஏழு வயது, சனிக்கிழமைகளில் வருவாள்.
இந்த வீட்டில் அவள் தேர்ந்தெடுத்தது
அது ஒன்றுதான்.

ரோனா சற்று நேரம் பேசவில்லை.
பிறகு பென்சிலால் சுவரில் ஒரு கோடு கிழித்தாள்.
"ஐம்பது வாங்குங்கள்.
இரண்டு பக்கமும் இரண்டு விரல் காற்று இருக்கட்டும்.
திமிங்கிலம் வேறு ஜன்னலுக்குப் போகட்டும்."

விரலுக்குத் தகுந்த வீக்கம்.
தொண்ணூறு பேருக்கான என் கை
நான்கு பர்னருக்கு ஒப்புக்கொள்ள
ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.
தொலைபேசியில் எய்லியிடம் சொன்னபோது
நீண்ட மௌனம்.
"குளியலறை ஜன்னலுக்குப் போடு அப்பா.
அங்கேயாவது தண்ணீர் இருக்கும்."

செவ்வாயன்று வந்தது, வெள்ளை நிறத்தில், ஒல்லியாக.
குழாயை மாட்டி, சோப்பு நுரை தடவி
குமிழி வருகிறதா என்று
முகம் ஒட்டிப் பார்த்தாள் ரோனா.
ரசமட்டத்தை வைத்து முன்கால்களைத் திருகினாள்.
கடைசியில் பின்சுவரில் ஒரு கொக்கி, ஒரு சங்கிலி.
"ஓவன் கதவைத் திறந்து குழந்தைகள் ஏறி நிற்பார்கள்.
அடுப்பு முன்னால் சாயும்,
மேலே கொதிப்பதெல்லாம்..."
மீதியைச் சொல்லாமல்
கதவில் தன் எடையைப் போட்டு அழுத்தினாள்.
அடுப்பு அசையவில்லை.
பில்லில் அந்தச் சங்கிலிக்கு நான்கு பவுண்டு.

சனிக்கிழமை.
ஸ்கோன் உப்புகிறதா என்று பார்க்க
கதவைத் திறந்த எய்லி
ஒரு கணம் முழங்காலை அதன்மேல் ஊன்றிவிட்டாள்.
"இறங்கு!" என்று நான் கத்துவதற்குள்
பின்னால், கண்ணுக்குப் படாத இடத்தில்,
கிணுங் என்று ஒரு சத்தம்.

"அது என்ன?" என்றாள்.
ஸ்கோன் ஒரு பக்கம் கருகியிருந்தது.
புது ஓவன், இன்னும் பழகவில்லை.
நல்ல பக்கத்தை அவளுக்கு வெட்டிக் கொடுத்தேன்.